பி0090: மூலமும் உரையும்

மெக்கானிக்கின் ஸ்கேனரில் தோன்றும் பி0090 என்னும் கோளாறுக் குறி ஓர் ஐந்தெழுத்து. மூலம் ஒற்றை வரி: எரிபொருள் அழுத்த ரெகுலேட்டரின் கட்டுப்பாட்டுச் சுற்றில் கோளாறு. உரையோ ஊருக்கு ஒன்று. மின்னழுத்தம் குறைவு என்னும் பி0091, மிகுதி என்னும் பி0092 ஆகிய தம்பிகளையும் சேர்த்துக்கொண்டால் ஒரு முனைவர் பட்டத்துக்குக் குறையாது.

இந்த ரெகுலேட்டர் வேலை செய்யும் இடம், டீசலை ரெயில் என்னும் பொதுக்குழாயில் அழுத்தித் தேக்கும் காமன் ரெயில் முறை. அது 1995இல் டென்சோ கைவண்ணத்தில் ஹினோ லாரியிலும், 1997இல் போஷ் வழியாக ஆல்பா ரோமியோ 156 காரிலும் சந்தைக்கு வந்தது. எனவே டீசலின் வரலாற்றை ரெயிலுக்கு முற்காலம், பிற்காலம் எனப் பகுப்பர். இந்தப் பகுப்பால் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பகுப்பில்லாத ஆய்வு ஆய்வாகாது என்பதால் இடம்பெறுகிறது.

தொடக்ககாலப் போஷ் முறையில் ரெயிலுக்குள் 1,350 பார் வரை டீசல் அடைபட்டிருக்கும். அதை அடக்கும் ரெகுலேட்டர் வால்வுக்கு இரண்டே வயர். ஒன்றில் பேட்டரி மின்சாரம். மற்றதை இன்ஜின் கணினியான இசியூ நொடிக்கு ஆயிரம் தடவை அளவுக்கு எர்த்தில் தொட்டுத் தொட்டு விடும். மின்சாரம் அறவே நின்றால் ஸ்பிரிங் மட்டும் 100 பார் அளவுக்குத் தாங்கும். செல்ஃப் சுற்றும், இன்ஜின் பிடிக்காது.

கோளாறு நால்வகை. அறுந்த வயர்: வெளிப்படை. எர்த்தில் ஒட்டிய கட்டுப்பாட்டு வயர்: வால்வு முழுதும் மூடி அழுத்தம் ஏறும். வெந்த காயில்: மீட்டர் காட்டிக்கொடுக்கும். நான்காவது, வயரை வால்வோடு இணைக்கும் கப்ளரில் பச்சை பிடித்த பின். உரைகள் பெருகிக் கிடப்பது இதற்குத்தான்.

கப்ளரை ஆட்டிப் பார்ப்பது தொல்மரபு. இன்ஜின் ஓடும்போது வயரிங்கை அங்கங்கே அசைத்து, எங்கே தடுமாறுகிறதோ அங்கே குற்றம் என்பர். இடவலமாக ஆட்டுவதே முறை என்பதற்குச் சான்று, பட்டறையில் ஏர் கம்ப்ரசருக்கு மேலே சுவரில் கரியால் எழுதிய குறிப்பு. மேல்கீழ்க் கட்சியார் அதைப் பிற்காலக் கரி என்று தள்ளுவர். அவர்கள் காட்டுவது டீக்கடைச் சீட்டின் பின்பக்கம், கிரீஸ் கறைப் பிரதி, இரண்டாம் மடிப்பு. அச்சீட்டின் முன்பக்கத்தில் காணும் 'வடை 2, பாக்கி' மூலபாடமா இடைச்செருகலா என்ற வழக்கில் இரு தரப்பும் ஆட்டுவதையே மறந்தன. முறுக்கி ஆட்டல் என மூன்றாவது உண்டென்றும், அதன் ஒரே சுவடி பழைய பேட்டரிப் பெட்டிக்குள் ஆசிட்டில் கரைந்ததென்றும், ஆயினும் அதை மறுக்கும் உரைகள் மூன்று கிடைக்கின்றன என்றும் சொல்வாருளர். கிடைக்காத நூலுக்கு மறுப்புரை எழுதினால் பல்கலைக்கழகத்தில் பதவி உயர்வுக்குப் புள்ளி சேரும் என்பதால், மெக்கானிக்குகளை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

ஆட்டாமலும் கண்டுபிடிக்கலாம். ஆனால் கப்ளரைக் கழற்றி ஓம்ஸ் பார்த்தால், ஓர் இழை மட்டும் மிஞ்சிய வயரும் சரியாகவே காட்டும். மீட்டர் அனுப்பும் மின்சாரம் அத்தனை சொற்பம். சுமை ஏறினால்தான் வேஷம் கலையும். கப்ளர் மாட்டியபடி, வால்வு வேலை செய்யும்போது, பேட்டரி பிளஸ்ஸுக்கும் வால்வின் பவர் பின்னுக்கும் இடையே வோல்ட் பார்க்க வேண்டும். பின்னில் 1 ஓம் தடை கூடி 1 ஆம்பியர் ஓடினால் அங்கேயே 1 வோல்ட் போய்விடும். நல்ல இணைப்பில் அரை வோல்ட்கூட விழக்கூடாது. கியோர்க் ஓம் இந்த விதியை 1827இல் நூலாக்கினார். அன்றைய ஜெர்மானிய அறிஞருலகம் முகம் கொடுத்து வரவேற்கவில்லை. அவர் யாருடைய உரைக்கும் உரை எழுதவில்லை என்பது காரணமாயிருக்கலாம்.

எஞ்சியது மாற்றிப் பார்ப்போர் மரபு. செலவை வண்டிக்காரர் ஏற்பதால் இதுவே முழு நிதியுதவி பெற்ற ஒரே ஆய்வுப்புலம். முதலில் வால்வு மாறும். பி0090 மீண்டும் வந்தால் பம்பு, பிறகு இசியூ. புதிய இசியூவையும் அதே பச்சைக் கப்ளரில்தான் கவனமாகக் கோப்பார்கள்.