வாஷி ஆதிக்கடையியல்: ஒரு முன்னாய்வு

நவி மும்பை வாஷிக்குக் குடிவந்து முப்பது வருஷம் ஆன தமிழர் யாரையாவது பிடித்து, "அந்தக் காலத்தில் இங்கே என்னென்ன கடை இருந்தது?" என்று கேளுங்கள். முதலில் வரும் பதில் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: "அப்போ இங்க ஒண்ணுமே கெடையாது." அடுத்து வருவது, டம்ளரில் காப்பி ஆறி ஆடை கட்டும்வரை நீளும் கடைப் பட்டியல். ஒன்றுமே இல்லாத ஊரில் இத்தனை கடை எங்கே இருந்தது? இருப்பதாகவும் இல்லாததாகவும் தோன்றும் இந்த நிலையை வேதாந்திகள் மாயை என்று ஒரே சொல்லில் தீர்த்துவிடுவார்கள். கடையியலில் அந்த வசதி இல்லை. ஆகவே இந்தக் கட்டுரை.

ஆய்வின் எல்லை, வாஷி ரயில் நிலைய வளாகம். கீழே ரயிலும் கடைகளும். மேலே நம்பர் போட்ட டவர்கள். கடைத்தெரு என்றால் செக்டர் 17தானே என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. அவர்களுக்குத் தனிக் கட்டுரை எழுதப்படும். ஆனால் ஸ்டேஷன் கடைகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பேச்சு தானாகவே செக்டர் 9, 10 பக்கம் போய்விடுகிறது என்பதால் அந்தப் பகுதியும் அவ்வப்போது எல்லைக்குள் இழுத்துக்கொள்ளப்படும்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பம்பாய் இனித் தாங்காது, க்ரீக்குக்கு அந்தப் பக்கம் இன்னொரு நகரம் கட்டுங்கள் என்று 1965இல் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் மூவரும் 'மார்க்' இதழில் யோசனை சொன்னார்கள். அதைக் கட்டி எழுப்ப 1970இல் சிட்கோ என்ற அரசு நிறுவனம் பிறந்தது. 1973இல் க்ரீக்கின்மேல் பாலம் வந்தது. ரயில் வருவதற்கு 1992 மே மாதம் ஆகிவிட்டது. மான்குர்டு முதல் வாஷி வரை பாதை போட்ட செலவில் மூன்றில் இரண்டு பங்கு சிட்கோவின் தலையில். போட்ட பணத்தை எடுக்க வேண்டாமா? டிக்கெட்டில் சர்சார்ஜ் ஏறியது. ஸ்டேஷனின் தலைமேல் வாடகைக்கு விடும் மாடிகள் ஏறின. சாமி கும்பிடப் போகிறவன் தேங்காய்க் கடையைத் தாண்டித்தான் போயாக வேண்டும் என்று நம் முன்னோர் சந்நிதித் தெருவை அமைத்தார்கள் அல்லவா, அதே கணக்கு. மாடிகள் பிறகு இண்டர்நேஷனல் இன்ஃபோடெக் பார்க் ஆயின. டவர் 5இல் 3ஐ இன்ஃபோடெக் இருந்ததைத் தகவலாளிகள் எல்லோரும் சொல்கிறார்கள், ஏனென்றால் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளைக்கும் அங்கே வேலை கிடைத்தது, அல்லது கிடைக்காமல் போனது. டவருக்கு அடியில் இருந்த கடைகளைப் பற்றி மட்டும் இரண்டு பேர் ஒரே மாதிரி சொல்வதில்லை.

தகவலாளிகளின் தராதரம் பற்றி ஒரு வார்த்தை. இத்துறையில் சீனியாரிட்டியே பிரமாணம். பாலம் வந்த பிறகு, ரயில் வருவதற்கு முன்பு பஸ்ஸில் வந்து குடியேறியவர்கள் பாலத்தார். ட்ராம்பே அணு ஆராய்ச்சி மையத்திலும், தாணே–பேலாப்பூர் ரோட்டில் நோசில், ஃபைஸர் போன்ற ஆலைகளிலும் வேலை பார்த்துக்கொண்டு, சிட்கோ கட்டிய ஜே.என்.1, ஜே.என்.2 வகை ஃப்ளாட்டுகளில் ஒழுகும் கூரைக்குக் கீழே வாளி வைத்து வாழ்ந்த தலைமுறை அது. 1992க்குப் பின் வந்தவர்கள் ரயிலார். 2008இல் இன்ஆர்பிட் மால் திறந்த பிறகு வந்தவர்களுக்குப் பேச்சுரிமை கிடையாது; பஜ்ஜி எடுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கலாம். கூட்டத்தில் ஒருவர் "எண்பத்தேழில்..." என்று ஆரம்பித்தால், எண்பத்தொன்பதில் வந்தவர் வாயை மூடிக்கொள்வது நவி மும்பைத் தமிழரிடையே எழுதப்படாத சட்டம். எண்பத்தேழுக்காரர் சொன்ன கடை உண்மையில் தொண்ணூற்றுமூன்றில் வந்தது என்று தெரிந்தாலும் திருத்தக் கூடாது.

இனிப் பாடபேதங்கள். செக்டர் 9 பக்கம் தேங்காய் எண்ணெயும் முருங்கைக்காயும் விற்ற ஒரு கடையை ஒரு மாமி 'மலையாளி கடை' என்கிறார். பக்கத்து பில்டிங் மாமா 'நாயர் கடை' என்கிறார். தூத்துக்குடிக்காரர் ஒருவர் 'நம்ம அண்ணாச்சி கடை' என்று உரிமை கொண்டாடுகிறார். அதே பில்டிங்கின் மராட்டியக் குடும்பத்துக்கு அது 'மதராஸி துகான்'. நான்கு கடை என்று எழுதி முடித்துவிட எந்த ஆய்வாளனுக்கும் கை துறுதுறுக்கும். நான்கு பேரையும் தனித்தனியாகக் கூட்டிப்போய் இடத்தைக் காட்டச் சொன்னால் நால்வரும் ஒரே ஷட்டரின் முன்னால் நிற்கிறார்கள். அங்கே இப்போது மொபைல் கவர் விற்கிறார்கள். போர்டில் என்ன பெயர் எழுதியிருந்தது என்று கேட்டால், "போர்டா? யார் பாத்தா?" என்பதே ஒருமித்த பதில். பட்டியல் நீளமாக இருப்பதன் ரகசியத்தில் கால்வாசி இதில் தீர்ந்துவிடுகிறது.

மீதியைத் தீர்க்க ஒரு விதி தேவைப்பட்டது. நோட்டுப் புத்தகக் கடையை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஜூன் மாதமும், குழந்தை ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்து முடிக்கும்வரை, பிரவுன் ஷீட்டும் லேபிளும் ஒரே கடையில் வாங்கிய குடும்பம் ஒன்று. அந்தக் கடை எந்த வரிசையில் இருந்தது என்று கேட்டால் கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். அதே வீட்டில், ஒன்றரை வருஷமே நடந்து மூடிப்போன காப்பிப்பொடிக் கடையைப் பற்றிக் கேட்டேன். மாமி எழுந்து நின்றுகொண்டு சொன்னார்: "உள்ள நுழைஞ்சா இடது கைப் பக்கம் மெஷின். பீபரியும் பிளான்டேஷனும் பாதிப்பாதி, எண்பதுக்கு இருபது சிக்கரி. நம்ம எதிர்லயே அரைச்சு, கவர்ல போட்டு, மேல மடிச்சு நூல் கட்டித் தருவான். பொட்டலம் சூடா இருக்கும். ஆத்துக்கு வர வரைக்கும் உள்ளங்கையில அந்தச் சூடு இருக்கும், பாத்துக்கோங்கோ." உள்ளங்கையையும் நீட்டிக் காட்டினார்.

பத்து வருஷம் போன கடை மறந்துபோக, ஒன்றரை வருஷக் கடை ஏன் இப்படி நிற்கிறது? பதில், பம்பாய்த் தமிழரின் பழைய பேட்டையான மாட்டுங்காவில் இருக்கிறது. நோட்டுப் புத்தகம் எங்கும் கிடைக்கும். காப்பிப்பொடிக்கு பாலத்தார் பஸ் ஏறி, சயான் போய், அங்கிருந்து மாட்டுங்கா மைசூர் கன்சர்ன்ஸ் வாசலில் வரிசையில் நின்றார்கள். வாழையிலையும் பூவும் அங்கேதான். ஆவணியவிட்டத்துக்குப் பூணூல் வாங்கவும் அங்கேதான் போனார்கள். போகிற போக்கில் கஃபே மதராஸிலோ ராமா நாயக்கின் உடுப்பி போர்டிங்கிலோ சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அந்தச் செலவை மட்டும் கணக்கில் காட்டுவதில்லை. இங்கிருந்து விதி பிறக்கிறது: ஒரு கடையின் ஞாபகம், அது மிச்சப்படுத்திக் கொடுத்த மாட்டுங்கா நடைகளுக்கு நேர் விகிதத்தில் அமையும். இதை மாட்டுங்கா விதி என்க. "ஒண்ணுமே கெடையாது" என்ற ஆதி வாக்கியத்துக்கும் இதனால் உரை கிடைத்துவிடுகிறது. பலசரக்கு இருந்தது, டாக்டர் இருந்தார், தையல்காரர் இருந்தார், பாங்க் இருந்தது. சாம்பார் வெங்காயம் இல்லை. அதனால் ஒன்றுமே இல்லை.

இந்த இடத்தில் தாராவிப் பள்ளியின் ஆட்சேபத்தைப் பதிவு செய்ய வேண்டும். தாராவியிலிருந்து வாஷிக்கு வந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் விதியைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்: "மாட்டுங்கால எங்களுக்கு என்ன சோலி? நைன்ட்டி ஃபீட் ரோட்டுல கெடைக்காத சாமானா?" அவருடைய பட்டியலில் காப்பிப்பொடிக் கடை இடம்பெறவில்லை. முறுக்கும் கருப்பட்டியும் விற்ற, வேறு யாருக்கும் ஞாபகமில்லாத ஒரு கடை முதலிடத்தில் இருக்கிறது. செம்பூர் சேடா நகரிலிருந்து வந்த அம்மா ஒருவருக்கோ முருகன் கோயிலும் அதைச் சுற்றிய கடைகளுமே அளவுகோல். ஆட்சேபம் விதியை உடைக்கவில்லை, விரிக்கிறது. அவரவர்க்கு ஒரு மாட்டுங்கா உண்டு.

விதியை இனி ஸ்டேஷன் கடைகளில் வைத்துச் சோதிக்கலாம். 1992க்குப் பின் அந்த வளாகத்தில் எஸ்.டி.டி. பூத்தும் ஜெராக்ஸும் வடாபாவும் இருந்ததாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். அந்த வருஷங்களில் அவை இல்லாத ஸ்டேஷன் வாசல் பம்பாயில் ஏது? குறிப்பாக எந்தக் கடை, எங்கே என்று கேட்டால் குழப்பம். காரணம் இரண்டு. முதலாவது வேகம். காலை எட்டு மணி லோக்கலுக்கு ஓடுகிறவன் கடையை நேராகப் பார்ப்பதில்லை, ஓரக்கண்ணால் பார்க்கிறான். தோளில் பை, கையில் டிபன், கண் இண்டிகேட்டரில். ஷட்டர்களெல்லாம் ஒரே சாம்பல் கோடாக ஓடி மறைகின்றன. அந்த வேகத்தில் மூக்கு மட்டுமே வேலை செய்யும். அதனால்தான் ரயிலார் எல்லோருக்கும் எண்ணெயில் வடை விழுந்த வாசனை ஞாபகம் இருக்கிறது, பொரித்த ஆளின் முகம் ஒருவருக்கும் இல்லை.

இரண்டாவது காரணம் அதைவிடச் சிக்கலானது. ரயில் கடைகளைக் கொண்டுவந்ததோடு மாட்டுங்காவையும் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டது. ஹார்பர் லைனில் ஏறி, குர்லாவில் பாலம் ஏறி இறங்கி மாறினால் சயான், அடுத்தது மாட்டுங்கா. போவது சுலபமாகிவிட்டதால், மிச்சப்படும் நடையின் மதிப்பு விழுந்தது. மதிப்பு விழுந்ததால் கடையின் ஞாபகமும் விழுந்தது. எந்த ரயிலை நம்பி சிட்கோ அந்தக் கடைகளைக் கட்டியதோ அதே ரயில்தான் அவற்றை மறக்கவும் வைத்தது. விதி இங்கே தன் முழு அழகையும் காட்டுகிறது என்பது இவ்வாய்வாளரின் அடக்கமான அபிப்பிராயம்.

ஸ்டேஷனில் ஊதுபத்தியும் பூஜைச் சாமானும் விற்ற ஒரு கடை பற்றி மட்டும் ஒரு தம்பதியிடம் தெளிவான தகவல் கிடைத்தது, ஆனால் இரண்டு விதமாக. டிக்கெட் கவுன்ட்டருக்கு இடது பக்கம் என்கிறார் மாமா. "இவருக்கு என்ன தெரியும், வலது பக்கம்" என்கிறார் மாமி. கல்யாணமான நாளிலிருந்து தீராத பல வழக்குகளில் இதுவும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டது. ஆனால் இருவரும் சொல்வது சரி. மாமா அந்தக் கடையைப் பார்த்ததெல்லாம் ஆபீஸுக்கு ஓடும்போது, முதுகு வீட்டைப் பார்த்து. மாமி பார்த்ததெல்லாம் மாட்டுங்காவிலிருந்து இரண்டு பையும் தூக்கிக்கொண்டு, வீட்டைப் பார்த்துத் திரும்பி வரும்போது. இந்த விளக்கத்தைச் சொன்னதும் மாமா ஒப்புக்கொண்டார். மாமி ஒப்புக்கொள்ளவில்லை.

முருங்கைக்காயின் பயணத்தைச் சொல்லாமல் ஆய்வு முழுமை பெறாது. 1996இல் மும்பையின் மொத்தக் காய்கறி மார்க்கெட் பைகுல்லாவிலிருந்து வாஷிக்கே வந்துவிட்டது. வெங்காய, உருளைக்கிழங்கு மார்க்கெட் அதற்கு முன்பே வந்தாயிற்று. நகரம் முழுவதும் தின்னும் காய் இங்கே லாரியில் வந்து இறங்குகிறது. இறங்கிய முருங்கைக்காய் விடியற்காலையில் டெம்போ ஏறி, பாலம் தாண்டி, மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் போகிறது. பதினொரு மணிக்கு வாஷி மாமி குர்லாவில் மாறி மாட்டுங்கா போகிறார். மத்தியானம் அதே முருங்கைக்காய் மஞ்சப்பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு, ஹார்பர் லைனில், வாஷிக்குத் திரும்பி வருகிறது. "இங்கே மார்க்கெட்டிலேயே வாங்கலாமே, மாமி?" என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்: "அது ஹோல்சேல். அதுவும் இல்லாம மாட்டுங்கா காய் ருசியே தனி." தன்னிறைவு பெற்ற நகரம் வேண்டும் என்று திட்டம் போட்டவர்கள் மனையடி, ரோடு அகலம், செக்டர் எண் எல்லாம் கணக்கிட்டார்கள். இந்தக் காயைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பயன்பாட்டுத் தளத்திலும் இந்தக் கடைகள் உயிரோடு இருக்கின்றன. செக்டர் 9க்குப் பக்கத்தில் 9ஏ, 10க்குப் பக்கத்தில் 10ஏ என்று போகும் முகவரியை வைத்து வீடு கண்டுபிடித்தவர் இல்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வருபவருக்கு வழி சொல்லும்போது, "பழைய காப்பிப்பொடிக் கடை தெரியுமோல்லியோ, அதுக்கு எதிர் சந்து" என்றுதான் சொல்கிறார்கள். வருபவர் அந்தக் கடை மூடிய பிறகு பிறந்தவர். ஆனாலும் வந்து சேர்ந்துவிடுகிறார். அவருடைய அப்பாவும் இப்படியே வழி சொல்லி வளர்த்திருக்கிறார்.

இப்போது ஜே.என். வகைக் கட்டடங்கள் மறுகட்டுமானத்துக்கு இடிபட்டு, மூன்று மாடி இருந்த இடத்தில் டவர்கள் எழும்புகின்றன. மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த கடைகளும் அதோடு போகின்றன. புது டவரில் கீழே மூன்று தளம் பார்க்கிங். முருங்கைக்காயை ஆப்பில் போட்டால் பத்து நிமிஷத்தில் லிஃப்ட் ஏறி வந்துவிடும். மாட்டுங்கா விதிப்படி இங்கே நடை மிச்சம் என்று எதுவும் இல்லை, ஆகவே ஞாபகமும் பூஜ்யமாக இருக்க வேண்டும். இந்தத் துணைவிதியை அந்த முருங்கைக்காய் மாமியிடம் பெருமையோடு வாசித்துக் காட்டினேன். அவர் மொபைலைக் கையில் எடுத்து, போன வாரம் வந்த முருங்கைக்காயின் படத்தைத் திறந்து, விரலால் பெரிதாக்கிக் காட்டினார்.

"பாருங்கோ, நார் நாரா. இந்த ஆப்பு ஆரம்பத்துல எவ்வளவு நன்னா இருந்தது தெரியுமா?"

ஆரம்பம் என்றால் எப்போது என்று கேட்டேன். போன தீபாவளிக்கு என்றார். துணைவிதி திருத்தத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டிருக்கிறது.