திராட்சை இல்லாத ஒயின் நாடு

வெளிநாட்டில் தனிக் கார், தனி வழிகாட்டி வைத்து, ஒரே நாளில் கடற்கரையையும் ஒயின் தோட்டங்களையும் சுற்றிக் காட்டுகிறார்களாம். சென்னை மச்சான் ஏக்கமாகச் சொன்னார். "அதுக்கு ஏன் அவ்வளவு தூரம்? காரைக்காலும் பிரெஞ்சுக்காரன் ஆண்ட ஊர்தான், வாங்க" என்றேன். வழிகாட்டி நானே.

காலையில் தரங்கம்பாடி. 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையின் முன்னால் மச்சான் கொட்டாவி விட்டார். நண்டலாறு தாண்டிக் காரைக்காலுக்குள் நுழைந்ததும்தான் நிமிர்ந்து உட்கார்ந்தார். பலகையில் 'ஒயின்ஸ்'. உள்ளே போய் ஒயின் கேட்டார். கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பிராந்தியா, பீரா?" என்றார்.

1739-இல் வந்த பிரெஞ்சுக்காரர்கள் (நடுவில் இங்கிலீஷ்காரன் பிடுங்கிவைத்திருந்த காலம் போக) 1954 வரை இருந்தார்கள். திராட்சைத் தோட்டம் எதையும் விட்டுப் போகவில்லை. ஊர் தனியாக நின்றது, வரியும் தனியாக நின்றது. பக்கத்து மாவட்டத்துத் தாகம் அந்த வரியால் வரும் சரக்கு விலை வித்தியாசத்தில்தான் தீர்கிறது. இங்கே பேர்போன பழம் மாங்கனி. அதுவும் காரைக்கால் அம்மையாருக்கு!

மதியம் திருநள்ளாறு. நளதீர்த்தத்தில் சனியை விட்டுவிட்டு, எல்லையோர வாஞ்சூர்க் கடைகளில் திரும்ப வாங்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. மச்சானும் வாங்கினார்; துண்டில் சுற்றி, பிரசாதப் பைக்கு அடியில்.

சாயங்காலம் அரசலாற்று முகத்துவாரத்தில் காற்று வாங்கிவிட்டுத் தெற்கே கிளம்பினோம். சோதனைச் சாவடியில் கார் நின்றது.

"எங்க போறீங்க?"

"நாகூர் தர்காவுக்குங்க."

"எல்லாரும் அங்கதான் போறாங்க. டிக்கியத் திறங்க."