ஒரு மகாராஜா, ஒன்பது ட்ராக்

ஒரு ராக் பேண்டின் பாட்டுகளை ஆளுக்கொன்றாகப் பாடி 'ட்ரிப்யூட் ஆல்பம்' போடுவது அமெரிக்கக்காரன் மூளை என்று நினைப்பவர்கள், நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் போய் வரலாம். குதிரை மாளிகைப் பக்கம் நவராத்திரி மண்டபத்தில் ஒன்பது சாயங்காலமும் ஒரே ஆளின் பாட்டுதான் பிரதானம். ட்ராக் லிஸ்ட் மாறவே மாறாது. முதல் நாள் சங்கராபரண ராகம், இரண்டாம் நாள் கல்யாணி, ஒன்பதாம் நாள் ஆரபி. எனக்குக் கல்யாணி வராது, வேறு தாருங்கள் என்றால் நடக்காது.

அந்த ஒரே ஆள் மகாராஜா ஸ்வாதித் திருநாள். 1813இல் பிறந்து, 1829இல் பட்டமேறி, 1846இல் 33 வயதில் போய்ச் சேர்ந்தார். ராக் ஸ்டார்கள் போகிற வயசுதான். பேண்ட் முக்கால்வாசி நம்மூர்ச் சரக்கு: பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற தஞ்சாவூர் அண்ணன் தம்பிகள். வடிவேலுவுக்கு ராஜா தந்தத்தில் வயலினே செய்து கொடுத்தார். கம்பெனித் தொல்லையும் உண்டு. ரெக்கார்டு கம்பெனி இல்லை, கிழக்கிந்தியக் கம்பெனி. அதன் பிரதிநிதியான ரெசிடென்ட் கல்லன் துரை கடைசிவரை குடைந்தெடுத்தார்.

விழா நாயகி சரஸ்வதியும் நம்மூர்தான். கன்னியாகுமரி மாவட்டம் பத்மநாபபுரத்திலிருந்து ஊர்வலமாகப் போகிறாள், இரண்டு மாநிலப் போலீஸ் காவலோடு.

ராஜாவின் மற்ற கீர்த்தனைகள் பலவற்றுக்கு மெட்டு மறந்துபோனது. பின்னால் வந்த வித்வான்கள் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் செம்மங்குடியும் உட்கார்ந்து புது மெட்டுப் போட்டார்கள். ரீமிக்ஸ் என்று சொன்னால் அடிக்க வருவார்கள். 1980களில் வீணை எஸ். பாலசந்தர் இன்னும் ஒருபடி மேலே போய், ஸ்வாதித் திருநாள் என்ற வாக்கேயக்காரரே கட்டுக்கதை என்று கிளம்பினார். பாட்டே இல்லாமல் 'அந்த நாள்' படம் எடுத்தவர், பாட்டு எழுதிய ஆளே இல்லை என்றதில் என்ன ஆச்சரியம்! சங்கீத உலகம் அமளிதுமளிப்பட்டது. மண்டபத்தில் மட்டும் வழக்கம்போல் முதல் நாள் சங்கராபரணமே ஒலித்தது.

மண்டபத்துச் சட்டதிட்டம் தனி. குத்துவிளக்கு வெளிச்சம், ஆண்களுக்குச் சட்டை கிடையாது, கைதட்டக் கூடாது. பாட்டெல்லாம் தேவிமேல், ஆனால் பாடப் பெண் வரக்கூடாது என்று வேறு இருந்தது! இந்த லட்சணத்தில் நூற்றாண்டு தாண்டி ஓட்டினார்கள். 2006இல்தான் பாடகி பாறசாலை பொன்னம்மாள் மேடையேறினார். ஸ்வாதித் திருநாள் பெயரிலிருக்கும் இசைக் கல்லூரியில் 1940களிலேயே படித்தவர் அவர். மண்டபத்துக் கதவு திறக்கும்போது வயது 81. அன்றைக்கும் கைதட்டக் கூடாது, சட்டம் சட்டம்தான்.