வான்கோவின் கடல்

கேள்வி: கடலோர மீனவர் வாழ்க்கையைக் காட்டும் டச்சு ஓவியங்களில் உங்களை மிகவும் கவர்ந்தது எது?

பதில்: வான்கோ 1882 ஆகஸ்டில் வரைந்த ஸ்கெவெனிங்கன் கடற்காட்சி. அப்போது அந்த ஊரில் துறைமுகம் கிடையாது. அடிப்பகுதி தட்டையான மீன்பிடிப் படகுகள் நேராக மணலிலேயே ஏறி நிற்கும். இழுக்கக் குதிரைகள் இருந்தன. படத்தில் கடல் கொந்தளிக்கிறது, கரையில் ஜனங்கள் படகுக்காகக் காத்து நிற்கிறார்கள். 2002இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோன இந்தப் படம், 2016இல் இத்தாலியில் அகப்பட்டது. இவ்வளவு பட்ட பிறகும் அதில் ஓர் அதிசயம் மிச்சமிருக்கிறது. வீசிய காற்றுக்கு அசராமல் கடற்கரையிலேயே நின்று வரைந்தார் வான்கோ. ஈர வண்ணத்தில் மணல் வந்து அப்பியது. சுரண்டி எடுத்தும் சில மணிகள் இன்னமும் ஒட்டியிருக்கின்றன. மற்றப் படங்களில் ஓவியர் கையெழுத்திடுவார். இதில் கடற்கரையே கையெழுத்துப் போட்டிருக்கிறது!