இரும்புப்பெட்டி வீரர்

உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பும் கூட்டத்தில் எல்லாருடைய நடையும் ஒன்றாக இருக்காது. முன்னால் வாளேந்திய நாயகன், மார்பை நிமிர்த்திக்கொண்டு போவான். அடுத்தது கைமுஷ்டியாலேயே கதவை உடைக்கும் இளவரசி. பிறகு மந்திரம் தெரிந்த கிழவர், சீட்டு போட்டுக் குறி சொல்லும் பெண், வாளும் கவசமுமாக ஒரு படைவீரர். இவர்கள் எல்லாரும் போன பிறகு, புழுதி அடங்கும் நேரத்தில், முதுகில் ஒரு பெரிய மூட்டையோடு, மூச்சு வாங்க, தொப்பை முன்னே வர ஒருவர் வந்து சேருவார். குகை வாசலில் மற்றவர்கள் உள்ளே என்ன பூதம் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பார்கள். இவர் திரும்பி, வந்த வழி இன்னும் திறந்திருக்கிறதா என்று பார்ப்பார். "நீங்க முன்னால போங்க தம்பி, மூட்டையை நான் பார்த்துக்கறேன்" என்று அவர் வாய் சொல்லாவிட்டாலும் முகம் சொல்லும்.

கற்பனை உலக வீடியோ கேம்களில் இந்த வியாபாரித் தோழருக்கு நிரந்தரமான ஓர் இடம் உண்டு. அந்த வம்சத்தில் தலைமகன் என்று ஒருவரைக் காட்டச் சொன்னால் நான் டோர்னெகோவைக் காட்டுவேன். 1990 பிப்ரவரியில் ஜப்பானில் எனிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'டிராகன் குவெஸ்ட் 4' விளையாட்டில் வருகிறவர். கதை யூஜி ஹொரீ. உருவம் கொடுத்தவர் 'டிராகன் பால்' வரைந்த அகிரா தொரியாமா. கோடு போட்ட சட்டை, முறுக்கு மீசை, உருண்டை உடம்பு. அவருக்கென்றே வைத்த ஆயுதங்களில் ஒன்று மணிச்சட்டம். ஆமாம், கணக்குப் போடுகிற மணிச்சட்டம்தான். அதன் பெயர் 'நீதியின் மணிச்சட்டம்'. கணக்குச் சரியாக இருந்தால் அதுவே நீதி என்பது அவர் கட்சி.

அந்த விளையாட்டில் அத்தியாயங்கள் ஐந்து. முதல் நான்கில் தோழர்களின் கதைகள் தனித்தனியாக வரும். ஐந்தாவதில் எல்லாரும் நாயகனோடு சேருவார்கள். ஒருவர் காணாமற்போன குழந்தைகளைத் தேடிப் புறப்படுகிறார். ஒருத்தி அரண்மனைச் சுவரை உடைத்துக்கொண்டு வீரம் காட்டப் போகிறாள். இரண்டு சகோதரிகள் தந்தையைக் கொன்றவனைப் பழிவாங்கக் கிளம்புகிறார்கள். நம்மவரின் அத்தியாயம் காலையில் எழுந்து வேலைக்குப் போவதில் தொடங்குகிறது. லேக்நாபா என்ற ஊரில் ஓர் ஆயுதக் கடை. அங்கே இவர் சம்பளக்காரர்.

இதற்கு முன் வந்த மூன்று விளையாட்டுகளிலும் நாம் கடைக்குள் நுழைந்து வாள் வாங்கியவர்கள். இப்போது கல்லாவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம். வாடிக்கையாளர் வருவார், விலை கேட்பார், வாங்குவார், சில சமயம் வாங்காமலே போய்விடுவார். கதவையே பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான், உலகத்தைக் காக்கும் வீரர்கள் எவ்வளவு நேரம் கடைக்காரரைக் காக்க வைத்திருக்கிறார்கள் என்பது உறைக்கும். மாலையில் முதலாளி அன்றைய பங்கைக் கையில் கொடுப்பார். வீட்டுக்குப் போனால் மனைவி நெனே, மகன் போபோரோ. மறுநாள் காலை நெனே சாப்பாட்டுப் பொட்டலம் கட்டிக் கொடுப்பாள். அதைத் தின்றால் உடம்புக்குத் தெம்பு வரும். தின்னாமல் கடையில் விற்றுவிடவும் செய்யலாம்! பெண்டாட்டி கட்டிக் கொடுத்த சோற்றுக்கும் விலை கேட்கத் தெரிந்தவரை எந்த அரக்கன் என்ன செய்துவிட முடியும்?

அவர் கோழை என்று விளையாட்டில் எங்கும் எழுதி ஒட்டவில்லை. நடத்தையைப் பார்த்து நாமே வைத்துக்கொள்ளும் பெயர் அது. ஆனால் அவருடைய பயத்துக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. அது அந்த உலகத்தின் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

டிராகன் குவெஸ்ட் உலகில் சாவு என்றால் என்ன? கூட்டம் மொத்தமும் விழுந்துவிட்டால் கடைசியாகப் பதிவு செய்த இடத்தில் கண் விழிக்கலாம். அனுபவம் குறையாது, ஆயுதம் போகாது. கையிலிருக்கும் காசில் மட்டும் பாதி போய்விடும். ஒருவர் மட்டும் விழுந்தால் தேவாலயத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காணிக்கை கட்டினால் எழுந்து நடப்பார். அனுபவம் ஏற ஏறக் காணிக்கையும் ஏறும். ஆக, அங்கே மரணம் என்பது முழுக்க முழுக்கச் செலவினம். வாள்வீரர்கள் இதைக் கவனிக்காமல் வீரம், தியாகம் என்று பேசிக்கொண்டு போய் விழுகிறார்கள். விழுந்தால் எவ்வளவு என்று கணக்குப் போட்டவர் ஒருவர்தான். அவருக்குத்தான் கை நடுங்குகிறது. நடுங்காதவர்களுக்குக் கணக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதனால் அவர் முதலில் தேடிப் போகும் புதையலைப் பாருங்கள். மற்றவர்கள் தெய்வீக வாளையும் கவசத்தையும் தேடுவார்கள். இவர் தன் ஊருக்குப் பக்கத்துக் குகையில் இறங்கி எடுத்து வருவது ஓர் இரும்புப்பெட்டி. அது மூட்டையில் இருந்தால், செத்து விழுந்தாலும் காசு பாதியாகாது. மரணத்தின் பெரிய தண்டனையை ரத்து செய்துவிட்ட மனிதர்! அந்த உலகத்தில் அமரத்துவத்துக்கு இதைவிட நெருக்கமாகப் போனவர் இல்லை. அதற்கு அவர் தவம் இருக்கவில்லை, பெட்டி ஒன்று எடுத்து வந்தார்.

சண்டை தவிர்க்க முடியாது என்றால் அதையும் கூலிக்கு விடலாம் என்பது அடுத்த பாடம். எண்டோர் நகரத்தில் ஒரு போர்வீரனையும் ஒரு பாடகனையும் சில நாள் சம்பளம் பேசிக் காவலுக்கு அமர்த்திக்கொள்ளலாம். நாள் முடிந்தால் அவர்கள் போய்விடுவார்கள். நட்பு, விசுவாசம் என்று எந்தப் பாக்கியும் கிடையாது. பிறகு அதே நகரத்தில் 35,000 பொற்காசு கொடுத்துச் சொந்தக் கடை. அரசரின் ஆயுத ஆர்டரை முடித்துக் கொடுத்து, பக்கத்து நாட்டுக்குச் சுரங்கப்பாதை தோண்ட 60,000. மற்றவர்கள் தங்கள் அத்தியாயங்களில் பகைவர்களோடு மோதினார்கள். இவர் பாதை போட்டார். நாயகன் பிற்பாடு எண்டோருக்கு நடந்து வருவது அந்தப் பாதை வழியாகத்தான்.

ஐந்தாம் அத்தியாயத்தில் நாயகன் அவரைச் சந்திக்கும் இடம் ஒரு கலங்கரை விளக்கம். அங்கே எரியும் தீய நெருப்பு கப்பல்களைக் கவிழ்க்கிறது. கப்பல் கட்டி வைத்திருக்கும் டோர்னெகோவுக்கு வியாபாரம் நின்றுபோயிற்று. ஆகவே தைரியம் வந்துவிட்டது. உள்ளே போனார். பூதங்களைப் பார்த்தார். தைரியத்துக்குக் காலாவதி தேதி உண்டு என்பது தெரிந்தது. வழியில் நம்மைக் கண்டதும், மிச்ச வேலையை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பிவிட்டார். நாம் போய் நெருப்பை மாற்றி வந்தால் கப்பலோடு காத்திருப்பார். நெருப்பு நம் கையில், கப்பல் அவர் கையில். வேலையை இதைவிட நேர்த்தியாக யார் பங்கு பிரிக்க முடியும்?

இனி போர்க்களம். 1990 பதிப்பில் இந்த அத்தியாயத்தில் நாயகனை மட்டும்தான் நாம் நேரடியாக ஆட்டுவிக்கலாம். மற்றவர்கள் தாங்களாகவே சண்டை போடுவார்கள். நாம் பொதுவாக ஒரு கட்டளை கொடுக்கலாம். 'உயிரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்' என்பது அவற்றில் ஒன்று. டோர்னெகோவுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம். அவர் தொட்டிலிலிருந்தே அப்படித்தான். களத்தில் அவர் செய்வதை எந்தப் போர்க்கலை நூலும் ஏற்காது. கால் தடுக்கி விழுவார். விழுந்த வேகத்தில் எதிரிக்கு மரண அடி. மந்திரம் சொல்லப் போகும் பூதத்தின் வாயைப் பொத்துவார். அசட்டு ஜோக் ஒன்றைச் சொல்லுவார். எதிரிகள் சிரித்து முறை இழப்பார்கள். திடீரென்று எங்கிருந்தோ ஒரு வியாபாரிக் கூட்டத்தையே கூப்பிடுவார். அவர்கள் வந்து சாத்திவிட்டுப் போவார்கள். சந்தடி சாக்கில் பூதத்தின் மடியிலிருந்து சாமானையும் உருவிவிடுவார். மறுபதிப்புகளில் எல்லாருக்கும் நேரடியாகக் கட்டளையிடும் வசதி வந்தது. அப்போதும் இவர் அடிக்கடித் தன் இஷ்டத்துக்குத்தான் நடந்தார்.

ஆனாலும் பெரும்பாலான ஆட்டக்காரர்கள் அவரைக் கூட்டத்தோடு வரும் வண்டிக்குள்ளேயே உட்கார வைத்துவிடுவார்கள். எட்டுப் பேரில் நான்கு பேர் வெளியே நின்று சண்டை போட, மற்ற நான்கு பேர் வண்டிக்குள் இருக்கலாம் என்பது ஏற்பாடு. இதை அவமானம் என்று நினைத்து மனம் வாடும் ஆள் இவர் இல்லை. நிழல், இருக்கை, வழிப்பயணம் இலவசம். சண்டையில் கிடைக்கும் அனுபவத்தில் வண்டிக்குள் இருப்பவர்களுக்கும் பங்கு உண்டு!

இவருக்கும் மேலே ஒருவர் உண்டு. நெனே. எண்டோர் கடையில் சரக்கைக் கொடுத்துவிட்டுத் தூங்கினால் போதும். மற்ற கடைக்காரர்கள் தரும் விலைக்கு மேலேயே விற்றுப் பணத்தை எடுத்து வைத்திருப்பாள். கணவர் உலகம் சுற்றப் போன பிறகு ஊரார் காசையும் சரக்கையும் பாதுகாத்துத் தரும் நிலையமே நடத்தினாள். சண்டைக்கே போகாமல் சம்பாதித்தவள் அவள். குடும்பத்தில் உண்மையான பெரிய வியாபாரி யார் என்று அவரிடம் கேட்டால், பேச்சை மாற்றிவிடுவார்.

பயப்படாத வியாபாரியின் கதி என்ன என்பதற்கும் சான்று இருக்கிறது. 1988-இல் வந்த மூன்றாம் பாகத்தில், வெறும் நிலத்தில் ஒரு வியாபாரியை விட்டுவிட்டுப் போனால் அவர் அங்கே ஊரையே எழுப்பிவிடுவார். கொஞ்ச நாளில் தலைக்கனம் ஏறும். மக்கள் புரட்சி செய்து அவரைச் சிறையில் தள்ளிவிடுவார்கள். வீரம் காட்டிய ஒரே வியாபாரி கம்பிக்குப் பின்னால். பயந்தவர் கடை வைத்திருக்கிறார்.

1993-இல் இன்னொரு வேடிக்கை நடந்தது. சுன்சாஃப்ட் நிறுவனம் ஒரு தனி விளையாட்டைக் கொண்டுவந்தது. அதற்கு நாயகனாக வாள்வீரனையோ இளவரசியையோ எடுக்கவில்லை, டோர்னெகோவை எடுத்தார்கள். இறங்கும் ஒவ்வொரு முறையும் வடிவம் மாறும் பாதாளக் கிடங்கு. உள்ளே போனால் பழைய அனுபவமெல்லாம் அழிந்து மறுபடி முதல் படியிலிருந்து தொடங்க வேண்டும். பசிக்கும்; ரொட்டி தேட வேண்டும். விழுந்தால் சேர்த்த பொருளெல்லாம் போய்விடும். முன்னால் நிற்க நாயகன் இல்லை, உட்கார வண்டி இல்லை.

அவரைப் பார்த்துச் சிரித்த ஆட்டக்காரர்கள் இந்தக் கிடங்கில் என்ன ஆனார்கள் தெரியுமா? உடம்பில் பாதி உயிர், மூட்டையில் நல்ல சரக்கு, மூலையில் ஒரு பூதம் தூங்குகிறது. எழுப்பிச் சண்டை போடலாம், புகழ் கிடைக்கும். யாரும் போடுவதில்லை. சரக்கு எவ்வளவு, ரொட்டி எத்தனை, ஓடினால் படிக்கட்டுக்குப் போய்ச் சேரலாமா என்று மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். அது முடிந்ததும் சத்தமில்லாமல் பின்வாங்குவார்கள். திரும்பும் சுருள் கையில் இருந்தால் வாசித்துவிட்டு வீட்டுக்கே வந்துவிடுவார்கள். ஒவ்வொரு வீட்டிலும், திரைக்கு முன்னால், மீசை இல்லாத ஒரு டோர்னெகோ உட்கார்ந்திருந்தார்.