ஒழுகும் ஜேக்கும் உருமாறும் சீலும்: ஸ்ரீ கெம்பாங்கானை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

இரண்டு டன் தூக்கும் பழைய ஹைட்ராலிக் ஜேக்கு, தூக்கிய காரை மெல்ல மெல்லத் தரைக்கே திருப்பித் தருகிறது. குற்றவாளி, ‘சீல்’ எனும் ஒரு ரப்பர் வளையம். அதன் விலை சில வெள்ளி. அதைத் தேடி அலைய ஆகும் பெட்ரோலும் டோலும் அதற்கு மேல். கிள்ளான் பள்ளத்தாக்கில் சீலுக்குப் பஞ்சமில்லை, அளவுக்குத்தான் பஞ்சம் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

ஆய்வுக் களம்

தொல்காப்பியர் காட்டிய வழியில் முதற்பொருளிலிருந்து தொடங்குவோம். நிலம், அவசரகாலத்தில் செர்டாங் புதுக்கிராமமாக உருவாகி இன்று பட்டறைகளால் நிறைந்திருக்கும் ஸ்ரீ கெம்பாங்கான். பொழுது, ஞாயிறு பிற்பகல், அதாவது கடைகள் அடைத்த பிறகு. கருப்பொருள்களில் தெய்வம் பட்டறை வாசல் டத்தோ கோங், உணவு ரொட்டி சானாய், புள் மைனா, பறை டயர் கடை இம்பாக்ட் ரெஞ்சு. உரிப்பொருள் கசிதலும் கசிதல் நிமித்தமும்.

களத் தேர்வுக்கு வலுவான காரணம் உண்டு. மலாயாவின் ஈய லம்பங்களில் மண்ணையே நீரைப் பீய்ச்சிக் கரைத்தார்கள். ‘தி மைன்ஸ்’ ஏரியும் பழைய ஈயச் சுரங்கப் பள்ளம்தான். நீரழுத்தத்தின் வலிமையை இந்த ஊருக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

முன்னோர் ஆய்வுகள்

அடைபட்ட திரவத்தின்மேல் தரும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாமல் பரவும் என்றார் பாஸ்கல். அவர் 1662இல் மறைந்தார். இதைச் சொல்லும் நூல் மறுவருடம்தான் வெளிவந்தது. பம்பின் விட்டம் 10 மில்லிமீட்டர், தூக்கும் தண்டின் விட்டம் 40 என்றால் விசை 16 மடங்காகும். நீண்ட கைப்பிடி தரும் நெம்புவிசை தனிக்கணக்கு.

இந்தக் கணக்கை இயந்திரமாக்கி 1795இல் லண்டனில் காப்புரிமை பெற்றவர் பூட்டு வல்லுநர் ஜோசப் பிராமா. இயந்திரம் அழுத்தியது, கூடவே ஒழுகியது. அவர் பட்டறையில் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே தோலைக் கிண்ணமாக வளைத்து உள்ளே வைத்தார். அழுத்தம் ஏற ஏற அதன் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஆக, ஹைட்ராலிக் வரலாற்றின் இரண்டாவது அத்தியாயமே சீல் தேடிய படலம்தான்.

பரபக்கம்

மாற்றுத் தரப்பார் இரு வகையினர். முதல் வகையினர் புதிதுவாதிகள். உறுப்பினர் பெரும்பாலும் கல்லாவில் இருப்பார். “தவுக்கே, இந்த ஜேக்கு சீல் அடா?” என்றால், ஜேக்கை ஏறிட்டும் பாராமல் “பெலி பாரு லா, லாகி மூரா” என்பார். புதிது மலிவு என்பது உண்மை. அந்தப் புதிதும் ஒருநாள் ஒழுகும், அதற்கும் சீல் தேட வேண்டும் என்பது இவர்கள் மறைக்கும் உண்மை.

இரண்டாம் வகையினர் பிரேக் ஆயில்வாதிகள். “அண்ணே, கொஞ்சம் பிரேக் ஆயில் ஊத்துங்க, நின்னுடும்” என்பார்கள். நிற்கவும் செய்யும். கிளைக்கால் கலந்த பிரேக் ஆயில் பட்டால் ஜேக்கின் நைட்ரைல் ரப்பர் ஊதிப் பெருக்கும். ஓட்டை அடைபட்டது போலிருக்கும். பிறகு சீல் மெத்தென்றாகிப் பிய்ந்து போகும். அதற்குள் ஆலோசனை சொன்னவர் வேறு ஊருக்கு மாறியிருப்பார்.

சுபக்கம்

முதலில் நோய் அறிக. தரையில் எண்ணெய் தேங்கினால் தண்டின் வெளிச்சீலோ பம்பின் சீலோ போயிருக்கிறது. தரை காய்ந்திருக்க ஜேக்கு மட்டும் இறங்கினால், பெரும்பாலும் ரிலீஸ் வால்வின் எஃகுக் குண்டு உட்காரும் இடத்தில் துரும்போ கீறலோ இருக்கும். தண்டின் உட்சீல் தேய்ந்தாலும் இதே குறிதான். குண்டை முதலில் துடைத்துப் பார்ப்பவருக்குச் சில வேளைகளில் சீல் தேடும் தேவையே இருக்காது.

அடுத்து, ஜேக்கின் பெயர்த்தகட்டைப் படிக்க முயலும் மூலபாட ஆராய்ச்சி. அது தேய்ந்திருக்கும், தேயாவிட்டாலும் பயனில்லை. பிராண்டு பெயரைச் சொல்லிக் கேட்டவனுக்கு உதிரிபாகக் கடைகள் மலிந்த சான் சாவ் லின் வட்டாரத்திலும் “இல்லை”தான். அதே கடையில் உள்விட்டம், வெளிவிட்டம், உயரம் என மூன்று எண் சொன்னால் தவுக்கே வெர்னியரைக் கையில் எடுப்பார். அந்தக் கணத்தில் வாடிக்கையாளர் ஆய்வாளராக உயர்கிறார்.

அளக்க வேண்டியது பழைய சீலை அல்ல. அது ஊதியிருக்கும், அல்லது தேய்ந்திருக்கும், பொய்ச்சாட்சி. தண்டையும், சீல் உட்காரும் பள்ளத்தையும் அளக்க வேண்டும். ஓ-ரிங் என்றால் பாடபேதமும் உண்டு. ஜப்பானியத் தரத்தின் பி-25க்கு உள்விட்டம் 24.7 மில்லிமீட்டர், தடிமன் 3.5. அமெரிக்கத் தரத்தில் அதன் பங்காளி 214ஆம் எண், அதற்கு 24.99, 3.53. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எது சரி என்பதைப் பள்ளத்தின் அளவே தீர்மானிக்கும். கிண்ண வடிவச் சீலை மாட்டும்போது உதடு எண்ணெய் அழுத்தம் வரும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் பிராமாவின் பழைய நிலைக்குப் போய்விடுவோம்.

ஒரு துணைக் கண்டுபிடிப்பு

தாவரவியலர் ரிட்லி 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவிலிருந்து பால்மரத்தைப் பரப்பினார். அதை வெட்டத் தமிழர் கப்பலேறினர். ஆனால் இயற்கை ரப்பர் கனிம எண்ணெயில் ஊறினால் பொதபொதத்துவிடும், ஜேக்குக்கு ஆகாது. ஆகவே 1930களில் ஜெர்மனியில் பிறந்த நைட்ரைல்தான் உள்ளே இருக்கிறது. அதன் மூலமோ பெட்ரோலியம். பால்மரம் வெட்டியவரின் பேரன், பால்மரத்தின் ஒரு சொட்டும் கலக்காத ரப்பருக்காக ரப்பர் நாட்டில் கடை கடையாக ஏறுகிறான். இதில் தோட்டத் துரைக்குப் பங்குண்டா என்பதைப் பேரவைகள் விவாதிக்கலாம்.

முடிவும் பரிந்துரையும்

கருதுகோள் நிறுவப்பட்டது. சீல் கிடைத்ததும் அதன் அளவை ஜேக்கின் உடம்பிலேயே பெயின்ட் மார்க்கரால் எழுதிவைக்க வேண்டும். ஸ்டாண்டு வைக்காமல் காரடியில் தலைநீட்டுவோர் இவ்வாய்வில் சேர்க்கப்படவில்லை. தொடர் நேர்காணலுக்கு அவர்கள் கிடைப்பது உறுதியில்லை. எழுதிவைத்த அளவின்மேல் “அழகா இருக்கட்டும்” என்று சிவப்பு ஸ்பிரே அடித்துவிடும் தம்பிமாரைத் தடுப்பது எப்படி என்பது முனைவர் பட்டத்துக்குரிய தலைப்பு.