மணிக்கட்டு கெஞ்சுகிறது

கேள்வி: பெரிய மேக்னம் ரிவால்வரை வாங்கிவிட்டு, வீட்டிலேயே வெடிமருந்தைக் குறைத்துத் தோட்டா கட்டுகிறார்களாமே அமெரிக்கர்கள், ஏன்?

பதில்: மணிக்கட்டு கெஞ்சுவதால்தான்! வேட்டைக்காரர் எல்மர் கீத் விடாமல் நச்சரித்ததில், 1955-இல் பிறந்தது 44 மேக்னம் தோட்டா. மானைச் சாய்க்கிற அந்தத் தோட்டாவின் உதையை, தகர டப்பா சுடுவதற்காக யார் வாங்கிக்கொள்வார்? 'மேக்னம் ஃபோர்ஸ்' (1973) படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட்டே லேசான 'ஸ்பெஷல்' தோட்டாதான் போடுவதாகச் சொல்வார்.

ஆனால் கைக்கு வந்தபடி குறைக்கக் கூடாது. மெதுவாக எரியும் மருந்தை அளவுக்கு மீறிக் குறைத்தால் குண்டு குழலுக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே வெடிக்கலாம். 'டப்' என்று சத்தம் அமுங்கிக் கேட்டதா? உடனே நிறுத்திக் குழலைப் பாருங்கள். தொழிற்சாலையில் செய்த 44 ஸ்பெஷலே என் சிபாரிசு: அதன் கூடு மேக்னத்தைவிட 3 மில்லிமீட்டர் குட்டை, அதே துப்பாக்கியில் பொருந்தும், உதையும் சாது.